கோவிந்தனுக்கு நட்ட கல்

செவ்வாய் இரவு, புதூர்நாடு.

நம்பாத ஒன்றுக்கு எப்படிப் பயப்பட முடிகிறது? தெரியவில்லை. ஆனால் பயமாக இருக்கிறது.

இந்த மலையை விட்டுக் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போனவர்களைத்தான் சிற்பமாகச் செய்கிறேன். ஆளுக்கொரு கல்லில் முகம் செதுக்கி, வீட்டார் தரும் பழைய சட்டையைப் போர்த்துகிறேன். கற்கள் தரையில் கிடந்தவரை ஊரே வந்து கேலி பேசியது. இன்று வெயில் எப்படி விழுகிறது என்று பார்க்க, கோவிந்தனின் கல்லைச் சாமை அறுத்த கொல்லையில் நட்டு நிறுத்தினேன்.

அவன் மனைவி சின்னப்பொண்ணு பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"இன்னா மேடம் இப்டி பண்ட்டீங்க? செத்தவங்களுக்குத்தான் இங்க கல்லு நடுவோம். எங்க வூட்டுக்காரரு உசுரோட இருக்காருங்க."

"இது வெறும் சிற்பம்மா" என்றேன். பிடுங்கினால் நானும் நம்பியதாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

பொழுது சாயும்போது மறுபடி வந்தாள்.

"போன் போட்டுனே இருக்கேன், சுவிட்ச் ஆஃப்னே வருதுங்க."

என் போனிலிருந்தும் முயன்றேன். அதே குரல்தான். தோட்டத்துப் பக்கம் யானை நடமாட்டம் என்று போன வாரம் அவன் சொல்லியிருந்தானாம். இதை அவள் என்னிடம் சொல்லாமலே இருந்திருக்கலாம். விளக்கை அணைக்க மனம் வரவில்லை.

புதன்.

காலையில் கோவிந்தனே கூப்பிட்டான். சார்ஜர் கெட்டுப்போய்விட்டதாம். சின்னப்பொண்ணு ஓடி வந்து போனை என் காதில் வைத்தாள்.

"மேடம், மூக்க மட்டும் கொஞ்சம் சன்னமா வைங்க."

சிரித்தேன். அவள் போன பிறகு, தனியாகக் கொல்லைக்குப் போய்க் கல்லைப் பிடுங்கிப் படுக்க வைத்துவிட்டு வந்தேன்.