வெந்நீரில் போட வேண்டிய சட்டை

குட்டிம்மா,

நீ போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. என் கண் நாலு நாளாகச் சிவந்தே கிடக்கிறது. அழுததால்தான் என்று நினைத்தேன். காலையில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொண்டபோதும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு சொட்டுகூட அழாத உன் மாமியாருக்கும் கண் சிவந்த பிறகுதான் பயம் வந்து டாக்டரிடம் போனேன்.

"இது அழுகையால வந்தது இல்லம்மா, தொத்திக்கிற கண்நோய். துண்டு, தலையணை உறை எல்லாம் தனியா வெச்சுக்கோங்க. வெந்நீர்ல துவைங்க. கை கழுவாம குழந்தையைத் தொடாதீங்க" என்று சொல்லி, சொட்டு மருந்து கொடுத்தார்.

உன் பிள்ளைக்கு இன்னும் ஒன்றும் இல்லை. மணிக்கு ஒரு தரம் எட்டி நின்று அவன் கண்ணைப் பார்க்கிறேன்.

உன் பச்சைச் சட்டையை மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டால்தான் அவன் தூங்குகிறான். உன் வாசனை போய்விடும் என்று அதை யாரும் துவைக்கவில்லை. அழும்போதெல்லாம் நான் அதில்தான் முகம் துடைத்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது. சட்டை என் மடியில் இருக்கிறது. உள்ளே அவன் சிணுங்க ஆரம்பித்துவிட்டான்.

இதைத் துவைத்துவிட்டால், எதைக் கொடுத்துடி அவனைத் தூங்க வைப்பேன்?

உன் அக்கா