கொடிக்கு ஒரு துப்பட்டா

ஷார்ஜா

அன்புள்ள ஸர்மீனாவுக்கு சலாம். ஸ்வாத்தில் பனி விட்டதா? அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா? நான் சுகம்.

பழைய ஜீப் ஒன்று வாங்கிவிட்டேன். பெயிண்ட் பல்லிளிக்கிறது, ஆனால் அடியில் படுத்துப் பார்த்தேன், துருவே இல்லை. சனிக்கிழமை ஜீப் கிளப்போடு பாலைவனம் போனபோது, மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் புதைந்து நின்றுவிட்டேன். மேட்டுக்கு அப்பால் நிற்கும் வண்டி தெரியட்டும் என்று ஒவ்வொரு ஜீப்பிலும் உயரக் கம்பியில் கொடி கட்டுவோம்; என் கொடி வெளுத்திருந்ததால் பின்னால் வந்த கிளப் நண்பர் கல்ஃபான் என்னைக் கவனிக்கவில்லை. மேடேறி வந்தவர் ஒரு சாண் தள்ளி பிரேக் போட்டார்.

"குல்ஷேர், முட்டை போட உட்கார்ந்துட்டியா? கொடியும் மணல் கலரு, வண்டியும் மணல் கலரு! செக்கச்செவேல்னு ஒண்ணு கட்டுய்யா!"

வயிறு வலிக்கச் சிரித்தோம்.

உன் சிவப்புத் துப்பட்டாவை அனுப்பு. இங்கே கடையில் கொடி கிடைக்கும்தான், இருந்தாலும் அனுப்பு. கல்ஃபான் வாசலில் ஹாரன் அடிக்கிறார், முடிக்கிறேன். துப்பட்டாவைத் துவைத்துவிடாதே.

உன் குல்ஷேர்