எந்த நாற்பது, அண்ணி?

அண்ணி, இன்று காலை தவளக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கேமராவைப் பொருத்திக்கொண்டிருந்தேன். "நெட்டு இங்க நாப்பது வருதும்மா" என்றார் மேலாளர். "எந்த நாப்பது? பிட்டா, பைட்டா?" என்று என் வாய் தானாகக் கேட்டது. அவர் விழித்தார். கேட்டது நானா நீங்களா என்று எனக்கே ஒரு கணம் தெரியவில்லை.

நீங்களும் நானும் நேரலைத் தொழில் தொடங்கிய புதிதில் வந்ததே, அந்த மாதா கோவில் கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா பிரான்சில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தார். மகன் தாலி கட்டுவதை, பக்கத்தில் இருந்த மகளின் போனில் அவர் பார்க்க வேண்டும். அவர்கள் நம்மிடம் கேட்டது அவ்வளவுதான்.

பூசைக்கு முன் ஒத்திகை பார்த்தோம். படம் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. "நின்னு நின்னு வருதுக்கா, அம்மா கண்ண மூடிக்கிட்டாங்க" என்றாள் மகள் போனில். படம் அனுப்பும் பெட்டியை வாடகைக்குக் கொண்டுவந்தவர் அசையவில்லை.

"கோவில் லைன் நாலு. பெட்டி அனுப்புறது ஒன்றரைதான். நாலுல ஒன்றரை போவாதா?"

எனக்கும் அது சரியாகவே பட்டது. நீங்கள் குனிந்து பெட்டியின் திரையைப் பார்த்தீர்கள்.

"லைன் நொடிக்கு நாலு மெகாபிட். பெட்டியில போட்டிருக்கறது ஒன்றரை மெகாபைட். ஒரு பைட்டுக்கு எட்டு பிட்டு. பெருக்கிப் பாருங்க, பன்னெண்டு வரும். நாலு போற வழியில பன்னெண்டு எப்படிப் போவும்?"

குரல் உயரவே இல்லை. மூன்று மெகாபிட்டுக்குக் குறைத்தீர்கள். படம் மங்கியது. மாப்பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது.

"அம்மாவுக்குத் தெளிவா தெரியணும்க்கா."

"தெளிவா வெச்சா நின்னு நின்னு வரும் தம்பி. நீ தாலி கட்டுற நேரம் பாத்து நின்னுட்டா?"

"நிக்காம வரட்டும்க்கா" என்றார்.

நிற்கவில்லை. மூன்றாம் முடிச்சு விழுந்தபோது என் காதிலிருந்த போனில் அந்த அம்மாவின் குரல் கேட்டது. "ஏன்டி, இவன் இப்படி எளச்சிட்டான்?" உங்களிடம் கிசுகிசுத்தேன். "எளச்சது தெரியுதில்ல, போதும்" என்று கேமராவிலிருந்து கண்ணெடுக்காமல் சிரித்தீர்கள்.

போன மழைக்காலத்தில் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் உங்களைச் சேர்த்தோம். உங்கள் சிரிப்போடு வீடு திரும்புவோம் என்றுதான் அண்ணனும் நானும் நம்பினோம். உங்களை அடக்கம் செய்த பூசைக்கு உங்கள் தம்பியால் பிரான்சிலிருந்து வர முடியவில்லை. நேரலைக்கு வேறு யாரையாவது கூப்பிடலாம் என்றார் அண்ணன். "வேணாண்ணா, நானே பாத்துக்கறேன்" என்று படம் அனுப்பும் பெட்டியைத் திறந்தேன். லைன் எவ்வளவு என்று கேட்டு, எட்டால் கணக்குப் போட்டு, அதில் பாதிக்கும் கீழே வைத்தேன். உங்கள் முகத்தைத் தம்பி கடைசிவரை பார்த்தாராம். ஓரிடத்திலும் நிற்கவில்லையாம்.

இப்போது வேலைக்கு எங்கே போனாலும், தூரத்திலிருந்து யார் பார்க்கப்போகிறார்கள், அவர்களால் ஏன் வர முடியவில்லை என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான். இரண்டையும் இந்த வரிசையில்தான் நீங்கள் செய்வீர்கள், அண்ணி. நானும் மாற்றவில்லை.

உங்கள் நாத்தனார்,
ரீத்தா