புளி போட்டு விளக்கிய தோட்டா

மாமா,

பக்கத்து வீட்டில் புளி கரைக்கிறார்கள். பொங்கலுக்குப் பித்தளை விளக்குகிற நேரம், அனுமந்தன்பட்டி முழுக்க இந்த வாசனைதான். தலைத்திவசம் ஆகாத வீடு, நமக்குப் பொங்கல் கிடையாது. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். அப்படியும் வாசனை உள்ளே வந்துவிட்டது. நீங்கள் பட்டாளத்தில் இருந்தபோது கடிதம் எழுதுவதற்காகவே எழுத்துக்கூட்டிப் படித்தவள் நான். உங்கள் பேரை வாயால் சொன்னதில்லை, உறையின் மேல் மட்டும்தான் எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதத்துக்கு உறை வேண்டாம், அதனால் பேரும் வேண்டாம்.

சண்டை முடிந்து வந்தவர்கள் நிலம் வாங்கினார்கள், மாடு வாங்கினார்கள். நீங்கள் பீரங்கி வாங்கினீர்கள். பாலைவனத்துப் பட்டறையில் உங்களோடு வேலை பார்த்த உத்தமபாளையம் மீரான் அண்ணன், பழைய இரும்பு எடுக்கப் பட்டாள ஏலத்துக்குப் போன இடத்தில் அதைப் பார்த்திருக்கிறார். இரண்டு பேருமாக லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். டாங்கியை அடிக்கிற பீரங்கியாம். ஒரு சக்கரம் இல்லை, குழாய் முழுக்கத் துரு. தொழுவத்தில் மாட்டை ஒதுக்கிக் கட்டிவிட்டு அதற்கு இடம் கொடுத்தீர்கள். வாரம் தவறாமல் எண்ணெய் போட்டுத் துடைப்பீர்கள். சக்களத்திக்கு எண்ணெய்க் குளியல் நடக்கிறது, கட்டினவளுக்கு ஒரு முழம் பூ வாங்க நேரமில்லை என்று நான் சண்டைக்கு வருவேன். நீங்கள் சிரித்துக்கொண்டே துடைப்பீர்கள்.

இந்தச் சனியன் எதற்கு என்று ஒருநாள் நேராகவே கேட்டேன். அன்றைக்கு நீங்கள் சிரிக்கவில்லை.

"அங்கன நான் ரிப்பேர் பண்ணி அனுப்புன பீரங்கி எல்லாம் மறுபடி அடிபட்டுத்தான் வந்துச்சு. கூடப் போன ஆளுக வரல. ஒண்ணாவது முழுசா நிக்கட்டும். சுடாம நிக்கட்டும்."

அதற்குப் பிறகு நான் அதைத் திட்டியதில்லை. சக்கரம் தேடி நீங்கள் கோம்பைக்கும் கம்பத்துக்கும் அலைந்தபோது சோறு கட்டிக் கொடுத்தேன். கடைசியில் ஒன்று கிடைத்து, அதற்குச் சிவப்புப் பெயிண்டும் அடித்தீர்கள்.

அப்புறம் அதற்குரிய தோட்டாக்களைச் சேர்க்க ஆரம்பித்தீர்கள். என் முழங்கை நீளத்துக்குப் பித்தளைத் தோட்டா. பழைய இரும்புக் குவியலில் கிடைக்கக் கிடைக்க மீரான் அண்ணன் கொண்டுவந்து கொடுப்பார். மொத்தம் பத்து. எல்லாவற்றிலும் மருந்தைக் கொட்டி அழித்தீர்கள். அடியில், தட்டினாலே வெடிக்கிற சின்ன வெடிக்குப்பி ஒன்று இருக்கும், அதையும் எடுத்துவிட்டு வெறும் குப்பி வைத்து அடைத்தீர்கள். ஒன்பதில் வந்துவிட்டது. பத்தாவதில் துருப்பிடித்து இறுகிப்போய் வரவில்லை. அதன் அடியில் மட்டும் சிவப்புப் பெயிண்டால் ஒரு குறி வைத்தீர்கள். பட்டறைப் பழக்கம். "கண்ணு ஏமாத்தும், குறி ஏமாத்தாது" என்பீர்கள். இதில் குறி வைத்ததை அப்போது எனக்குச் சொல்லவில்லை. இங்கன இருக்கிறதுல கை வைக்காதே என்று மட்டும் சொன்னீர்கள்.

நான் கை வைத்தேன் மாமா.

போன பொங்கலுக்கு முந்தின நாள். குடம், அண்டா, குத்துவிளக்கு எல்லாம் முற்றத்தில் புளியும் சாம்பலுமாகக் கிடந்தன. நீங்கள் வயலுக்குப் போயிருந்தீர்கள். வீட்டுப் பித்தளை எல்லாம் மின்னும்போது உங்கள் தோட்டா மட்டும் கறுத்துக் கிடப்பானேன், வந்து பார்த்தால் சந்தோஷப்படுவீர்கள் என்று பத்தையும் எடுத்து வந்தேன். ஒன்றின் அடியில் சிவப்பாக இருந்தது. சக்கரத்துக்கு அடித்த பெயிண்ட் சிந்தியிருக்கிறது என்று நினைத்தேன். லேசில் போகவில்லை. தேங்காய் நாரை வைத்து அழுத்தித் தேய்த்தேன். போய்விட்டது. பத்தையும் வரிசையாக இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மறுநாள் பொங்கச் சோறு சாப்பிட்டுவிட்டு, குறி இல்லாத தோட்டாக்களைச் சுவரில் மாட்ட அடியில் துளை போடப் போனீர்கள். நான் அடுப்படியில் இருந்தேன். சத்தம் கேட்டது. பொங்கல் வெடி என்றுதான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தீர்கள். போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டபோது, "குறி வைக்க மறந்துட்டேன்" என்றீர்கள். நான் கால்மாட்டில் நின்றிருந்தேன். என் பக்கம் திரும்பவே இல்லை நீங்கள். அவர் போன பிறகு, கட்டுப் போட்ட கையை அசைத்து என்னைக் கிட்டே கூப்பிட்டீர்கள்.

"நல்லா விளக்கியிருந்தே புள்ள. தங்கமாட்டம் இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னீர்கள். திட்டியிருக்கலாம். சொன்னதை மீறினவளை ஒரு அறை அறைந்திருக்கலாம், அறையக் கை இல்லாமல் போச்சு. மறுநாள் விடியும்போது நீங்கள் இல்லை.

பட்டாளத்துக்காரர் அசந்துட்டாருன்னு ஊரில் பேசிக்கிட்டாக. நானும் கேட்டுக்கொண்டு ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டே இருந்தேன். மீரான் அண்ணன் இந்தப் பக்கம் வரவே இல்லை. இன்றைக்குக் காலையில்தான் வந்தார். பாதியாக இளைத்திருக்கிறார். பீரங்கியை ஏற்றிக்கொண்டுபோய் உடைத்துவிடுகிறேன் என்றார்.

"அவன் குறி மறக்கிற ஆளே இல்ல தங்கச்சி. நான் கொண்டாந்த தோட்டா. என் மேல பழி வந்துரும்னுதான் அப்படிச் சொல்லிட்டுப் போயிட்டான்."

சொல்லிவிட்டு வாசலில் நின்றே அழுதார். எனக்காக நீங்கள் சொன்ன பொய்யை, தனக்காகச் சொன்னது என்று அந்த மனுஷன் ஒரு வருஷமாகச் சுமந்திருக்கிறார். இதற்கு மேலும் சும்மா இருந்தால் நான் மனுஷியே இல்லை. புளியை, தேங்காய் நாரை, அந்தச் சிவப்பை, எல்லாவற்றையும் சொன்னேன். காறித் துப்புவார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"அப்ப அவன் குறி வெச்சிருந்தான்" என்றார்.

"வெச்சிருந்தாக அண்ணே."

தொழுவத்துக்குப் போய் பீரங்கிக் குழாயின் மேல் கையை வைத்துக்கொண்டு, "நீ மறக்கலடா, நீ மறக்கல" என்று சொல்லிக்கொண்டே நின்றார். போகும்போது பீரங்கியைக் கொண்டு போகவில்லை. இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். என் தலையில் ஒரு தரம் கை வைத்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

முழுசாகத்தான் நிற்கிறது மாமா. சுடாமல் நிற்கிறது. வாரத்துக்கு ஒரு தரம் நான்தான் எண்ணெய் போட்டுத் துடைக்கிறேன். ஒன்பது தோட்டாவும் பரணில் கறுத்துக் கிடக்கின்றன, தொடுவதில்லை. எந்தச் செம்பைக் கழுவ எடுத்தாலும் கவிழ்த்து அடியைப் பார்க்கிறேன். ஒன்றும் இருக்காது என்று தெரியும். பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுகிறேன்.