எடுத்த இடத்திலேயே வைக்கோணும்

என் தங்கமான ரங்கநாயகி அக்காவுக்கு,

நீங்கள் போயிருக்கும் இடத்தில் மழை ஒழுகாமல் இருக்கிறதா? இங்கே நம் பிள்ளைக் கொட்டகைக்குப் போன வாரம்தான் புது ஓலை வேய்ந்தார்கள். நீங்கள் இருந்தவரை கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஓலை. எனக்கு வந்த ஆத்திரத்தில் மில் மேஸ்திரியைப் பிடித்து, "கேட்ட மகராசி போய்ச் சேந்ததுக்கப்புறம் கொண்டாந்து வேயறீங்களே, இது நாயமுங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் பாவம், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். என் வாய் இன்னும் அடங்கவில்லை, அக்கா.

நேற்று நம் பொன்னி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களிடம்தான் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் கொஞ்சம் பழசைப் பேசிக்கொள்கிறேனே. உங்களோடு பேசாமல் எனக்கு நாக்கு மரத்துப்போய்க் கிடக்கிறது.

மில்லுக்குள் நூல் சுற்றப் போகும் பெண்கள் தங்கள் பிள்ளைகளை நம்மிடம் விட்டுப் போவார்கள். சாயங்காலச் சங்கு ஊதும்வரை அவை நம் பொறுப்பு. அழுதால் தொட்டிலாட்டுவது, பசித்தால் கஞ்சி ஊற்றுவது, இவ்வளவுதான் வேலை என்று நினைத்துத்தான் நான் வந்து சேர்ந்தேன். நீங்களோ புங்கமரத்தடியில் ஒரு முறத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். சுற்றி வாண்டுகள். எல்லாம் மூன்று வயது, நான்கு வயது.

"கண்ணுகளா, இன்னைக்கு மொழுமொழுன்னு இருக்கறது ஒண்ணு தேடிக் கொண்டாங்க பாக்கலாம்" என்றீர்கள். அவ்வளவுதான், நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்துவிட்டது போல எல்லாம் சிதறி ஓடின. ஒன்று கூழாங்கல்லோடு வந்தது, ஒன்று புளியங்கொட்டையோடு. ஒரு பயல் வாட்ச்மேன் வளர்த்த கோழியின் முட்டையையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். முறத்தில் வைத்து ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கச் சொன்னீர்கள். எது பெரிசு, எது சிறிசு, எது கனம், எது தண்ணீரில் மிதக்கும் என்று அவைகளுக்குள்ளேயே ஒரே சண்டை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏனுங்கக்கா, புள்ளைகளக் குப்பை பொறுக்கப் பழக்கறீங்களா?" என்று கேட்டேன். நீங்கள் சிரித்துக்கொண்டே, "அம்மணி, நாளைக்கு நீயுந்தான் தேடப் போற, பாரு" என்றீர்கள்.

மறுநாள் நீங்கள் கேட்டது சொரசொரப்பாக இருக்கிற ஒன்று. மற்றதெல்லாம் மரப்பட்டையும் செங்கல் துண்டும் கொண்டுவர, இந்தப் பொன்னி நேராக என்னிடம் வந்தாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முறத்தின்மேல் வைத்து, "இந்தக்கா கையிங்க!" என்றாள். சாணி தட்டிக் காய்ந்த கை, சொரசொரப்பாக இல்லாமல் பின்னே எப்படி இருக்கும்? எனக்கு வந்ததே கோபம்! நீங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். சிரித்து முடித்துவிட்டு, அன்று சாயங்காலமே ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து என் கையில் தேய்த்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு உங்களை எதிர்த்துப் பேச எனக்கு மனசு வந்ததே இல்லை, போங்கள்.

விளையாட்டுக்கு உங்களிடம் ஒரே ஒரு கட்டளைதான். சங்கு ஊதும் முன்னால் அவரவர் கொண்டுவந்ததை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். கூழாங்கல்லானாலும் சரி, காய்ந்த இலையானாலும் சரி. "அதையத் தேடீட்டு ஆராச்சும் வருவாங்கல்ல, கண்ணு?" என்பீர்கள். இலையை யார் தேடிக்கொண்டு வரப் போகிறார்கள் என்று நான் முணுமுணுப்பேன்.

அந்தக் கட்டளைதான் ஒரு நாள் மாராயியின் பிழைப்பைக் காப்பாற்றியது. பொன்னியின் அம்மா மாராயி பாவப்பட்டவள். புருஷன் வால்பாறைத் தோட்டத்துக்குப் போனவன் போனவன்தான், ஒரு தகவலும் இல்லை. மில் கூலி நின்றால் அந்த வீட்டில் அடுப்பு புகையாது.

அன்றைக்கு உருளுகிற பொருளைத் தேடும் நாள். நான் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். பொன்னி என்ன கொண்டுவந்தாள் என்று பார்ப்பதற்குள் பைக்காரா அணையிலிருந்து வரும் கரண்டு நின்றுபோய், மில் ஓய்ந்து, பொழுதிருக்கவே ஆட்களை விட்டுவிட்டார்கள். தாய்மார்கள் வந்து பிள்ளைகளை வாரிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் மில் கேட்டுப் பக்கம் ஒரே கூச்சல். ஓடிப்போய்ப் பார்த்தால் மாராயி தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்கிறாள். சோதனை போடும் அம்மாளின் கையில் மாராயியின் சோற்றுத் தூக்குப்போசி. அதற்குள் நூல் சுற்றும் பாபின் ஒன்று.

"மில்லுச் சாமானத் திருடறவளுக்கு இங்க வேலை இல்ல. நாளையிலிருந்து வராத" என்கிறார் மேஸ்திரி. "என்ற புள்ளை மேல சத்தியமா எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க" என்று மாராயி கதறுகிறாள். நான் என் பங்குக்கு மேஸ்திரியிடம் எகிறிக் காரியத்தை இன்னும் கெடுத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் மெதுவாகத்தான் வந்தீர்கள். எதற்கும் அவசரப்படாத கால் உங்களுக்கு. "மேஸ்திரி, செத்த பொறுங்க. கொழந்தையக் கேட்டுப் பாத்துப்போட்டு அப்பறம் பேசலாமுங்க" என்றீர்கள். பிறகு பொன்னியின் முன்னால் குந்தி உட்கார்ந்தீர்கள். "கண்ணு, இதையத் திருப்பி வெக்கலையா?"

"சங்கு ஊதறதுக்கு முன்னால வெக்கலாம்னு இருந்தேனுங்க. அதுக்குள்ள அம்மா வந்துட்டாங்க. நாளைக்கு வெக்கலாம்னு போசியில போட்டுட்டேன்" என்றாள், விசும்பிக்கொண்டே.

"செரி, இப்பப் போயி எடுத்த எடத்துல வெச்சுப்போட்டு வாரியா?"

பாபினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்தச் சுண்டைக்காய் நடந்தாள். பின்னால் நீங்கள், மேஸ்திரி, வாட்ச்மேன், மாராயி, நான், அத்தனை பெண்களும். தேர் போவது போலத்தான் போனோம். பஞ்சுக் கிடங்கைச் சுற்றி, கைவண்டி திரும்புகிற மூலைக்குப் போய், சுவரோரம் இருந்த ஒரு கல்லின் பக்கத்தில் கீழே வைத்தாள். வைத்தது கோணலாக இருந்ததோ என்னவோ, குனிந்து கொஞ்சம் நகர்த்தியும் வைத்தாள். அங்கே புல்லுக்குள் இன்னும் சில பாபின்கள் கிடந்தன. மேஸ்திரி பக்கத்தில் நின்ற வண்டியின் அடியைக் குனிந்து பார்த்தார். பலகை உடைந்து, பாபின் நழுவி விழுகிற அளவுக்கு ஓட்டையாகியிருந்தது.

"செரி செரி, எல்லாரும் ஊட்டுக்குப் போங்க. மாராயி, நீ காலைல நேரத்துல வந்துரு" என்றார். மாராயி உங்கள் காலில் விழப் போனாள். நீங்கள் விடவில்லை. "என்னைய எதுக்கும்மா கும்புடற? உம்பட புள்ளையத் தூக்கிக்க" என்றீர்கள்.

போகிற போக்கில் மேஸ்திரி, இனி பிள்ளைகள் எந்தச் சாமானையும் கையால் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். நான் பொங்கினேன். நீங்களோ மறுநாளே பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லிச் சத்தங்களைத் தேட வைத்தீர்கள். குயில் எந்தப் பக்கம், வண்டிச் சலங்கை எந்தப் பக்கம், என் திட்டு எந்தப் பக்கம் என்று! அந்த நாட்கள் ஏன் அக்கா அவ்வளவு சீக்கிரம் முடிந்தன? காய்ச்சல் என்று படுத்தவர் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டீர்களே, என்னை நினைத்துப் பார்த்தீர்களா?

நீங்கள் போனபின் விளையாட்டை நான் நிறுத்திவைத்திருந்தேன். மனசு வரவில்லை. நேற்றுத்தான் முறத்தை எடுத்தேன். மேஸ்திரியே, "இலை தழையத் தொட்டாத் தொட்டுட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டார். பிள்ளைகளிடம் மணக்கிற பொருள் கேட்டேன். வேப்பம்பூவும் துளசியும் வந்தன. சாயங்காலம் எல்லாம் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பின. பொன்னி மட்டும் புங்கமரத்தடியில், நீங்கள் உட்காரும் இடத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏனுங்கக்கா, பெரியக்காவ எடுத்துட்டுப் போனவிய எப்பங்க திருப்பி வெப்பாங்க?"

ஊரையே வாயால் விரட்டுகிற நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் என் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இப்ப மொழுமொழுன்னு இருக்குதுங்க" என்றாள்.

நீங்கள் இருந்தால் அவளுக்கு என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்? எனக்குத் தெரிந்ததை மட்டும் உங்களிடம் சொல்கிறேன். தினம் முறம் போடுவேன். சங்குக்கு முன்னால் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைக்கச் சொல்வேன். புங்கமரத்தடியில் அந்த இடத்தை நானே பெருக்கி வைக்கிறேன், யாரையும் உட்கார விடமாட்டேன். எடுத்துப் போனவர்கள் என்றைக்காவது உங்களைக் கொண்டுவரும்போது இடம் தெரியாமல் திண்டாடக் கூடாதல்லவா?

இப்படிக்கு,
உங்கள் வாயாடித் தங்கச்சி
பாப்பாத்தி