வெயில் நாளில் பதினான்கு டிகிரி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கக் கை வரவில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் அத்தான் பிழைத்துவிட்டார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று காலைதான் கண் திறந்து நாலு வார்த்தை பேசினார்.

போனில் நான் அரைகுறையாகச் சொன்னேன், நீயும் பாதியிலேயே வைத்துவிட்டாய். இப்போது முழுதாகக் கேள். புதன்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. நீரளவை வேலைக்காக வழக்கம்போல் காலை ஏழு மணிக்கு ஆற்றில் வெப்பமானியை இறக்கிப் பார்த்தேன். இருபத்தேழு டிகிரி. பதிவேட்டில் எழுதினேன், படித்துறைப் பலகையிலும் சாக்பீஸால் எழுதினேன். மதியச் சாப்பாட்டு வேளையில் அத்தான் பஸ் பணிமனையிலிருந்து குளிக்க வந்தார். ஊரிலேயே அவருக்கு நீர்க்கோழி என்றுதானே பெயர். பலகையைப் பார்த்து, இன்னைக்கு வெந்நீரே போட்டு வச்சிருக்கியே என்று என்னைக் கிண்டலடித்துவிட்டுக் குதித்தார்.

ஒருமுறை மேலே வந்தார். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. விளையாட்டு காட்டுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். ஐயோ, சிரித்தேனடா! அப்புறம் ஆள் மேலே வரவே இல்லை.

படகுக்காரர்தான் முடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார். அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்க, நான் என்ன செய்தேன் தெரியுமா? வெப்பமானியை ஆற்றில் இறக்கினேன். பைத்தியக்காரி! இருபது வருடப் பழக்கம், கை தானாகப் போயிற்று. பதினான்கு காட்டியது. கெட்டுப்போய்விட்டது என்று உதறிவிட்டு மறுபடி இறக்கினேன். அதே பதினான்கு. வெளியே நாற்பது டிகிரி வெயில், தண்ணீரில் நின்ற எனக்கு முழங்கால் வரை எலும்பு வலித்தது.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்து, அணையில் வேலையிலிருந்த உனக்குப் போன் போட்டபோது நீ சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. மேல் மதகு ரிப்பேர் அக்கா, அதான் அடி மதகைத் திறந்தேன், கீழ மட்டம் ரெண்டு விரல்கூட ஏறாதே, அதுக்கு எதுக்கு அபாயச் சங்கு என்றாய். மட்டம் ஏறினால்தான் சங்கு ஊத வேண்டும், சட்டப்படி சரிதான். ஆனால் அணையின் அடியில் கிடப்பது குளிர்காலத்துத் தண்ணீர், வெயில் அங்கே எட்டாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதானே? தெரிந்த உனக்கு எப்படியடா தோன்றாமல் போயிற்று? உன்னை மட்டும் திட்டி என்ன பயன்? காலையில் எழுதியதை மறுநாள் காலைவரை அழிக்காமல் விட்டு வைக்கிறவள் நான். என் எழுத்தை நம்பித்தான் மனுஷன் குதித்தார்.

வெள்ளிக்கிழமை உங்கள் மேலதிகாரி வந்தார். மதிய அளவு என்னவென்று பதிவேட்டில் எழுத வேண்டுமாம். உங்க தம்பி வேலை உங்க பேனா முனையில இருக்கும்மா, இருபத்தேழுன்னே போட்டுடுங்க, நீர்க்கோழிக்கு நெஞ்சு வலின்னு முடிஞ்சிடும் என்றார். உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த கை இது. பேனாவைத் திறந்தேன்.

பதினான்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாளைக்கு அந்தப் படித்துறையில் யார் பிள்ளை குதிக்குமோ, என்னால் முடியவில்லை தம்பி.

இன்று காலை அத்தான் கண் திறந்ததும் கேட்டது உன்னைத்தான். ஆத்துல என்னமோ ஆகியிருக்கு, தம்பிக்குப் போன் போட்டுக் கேளு, தண்ணியைப் பத்தி அவனுக்குத் தெரியாதது எதுவுமில்ல என்றார். நான் சரியென்று தலையாட்டினேன்.

அதனால் நீ வா. பழம், ஹார்லிக்ஸ் என்று எதையாவது தூக்கிக்கொண்டு வராதே. வந்து அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நீயே சொல். அவர் என்ன சொன்னாலும், வீட்டில் உனக்கும் சேர்த்துத்தான் சமைத்து வைத்திருப்பேன்.

நல்லா இருடா.

உன் அக்கா