ஜாதகக் கவரில் போன கிராஃப் தாள்

திருவள்ளூர்
20-1-72

சிரஞ்சீவி அனந்துவுக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். பெருமாள் கிருபையில் நாங்கள் சௌக்கியம், கான்பூர்க் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தை அமாவாசைக்குக் கோவில் குளத்தில் உன் பேருக்கும் வேண்டிக்கொண்டு வெல்லம் கரைத்தேன். மூன்று வருஷமாக வந்த வரனையெல்லாம் நீ தட்டிக் கழித்ததில் அப்பாவுக்கு மனசே விட்டுப்போயிற்று. என் கணக்கு புரிகிற பெண் கிடைத்தால் மறுபேச்சில்லாமல் பண்ணிக்கொள்கிறேன் என்று போன கடிதத்தில் சவடால் அடித்து, கூடவே கிராஃப் தாளில் ஒரு படமும் அனுப்பியிருந்தாயே, நீலத்தில் ஒரு வளைகோடு, அதை ஒட்டி ஓடப் பார்க்கிற சிவப்புக் கோடு, கணக்குத் தொடரில் ஒவ்வொரு உறுப்பாகக் கூட்டக் கூட்டச் சிவப்பு இன்னும் கொஞ்ச தூரம் நீலத்தை விடாமல் போகும் என்று, அதை மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்தேன். உன் ஜாதகமும் அங்கேதான் இருந்தது.

மீஞ்சூர் ஸ்டேஷன் மாஸ்டர் ஸம்பத்குமார் தன் பெண் வைஜயந்திக்காக உன் ஜாதகம் கேட்டார். நான் கண்ணாடி போடாமல் மடித்த தாளை எடுத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பெருமாளைச் சேவித்துக் கவரில் போட்டு அனுப்பிவிட்டேன். போனது உன் படம்! அவர்கள் ஜோசியர் அரை மணி உற்றுப் பார்த்துவிட்டு, ராகு நெளியறான், கேது கொஞ்ச தூரம் கூடவே வந்துட்டுத் தலைகுப்புற விழறான், இந்தப் பிள்ளை ஆத்துல தங்கமாட்டான் என்றாராம். வரன் வேண்டாம் என்று கார்டு வந்துவிட்டது. அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, நான் அழுதேன், நீ சிரிக்காதே.

மூன்றாம் நாள் ஸம்பத்குமாரே தாளும் கையுமாக வந்து நின்றார். பெண் பி.எஸ்ஸி. கணக்காம். தாளைப் பார்த்தவள், இது ஜாதகமே இல்லேப்பா, ஸைன் கோடு, மூணாவது உறுப்புல கூட்டறதுக்குப் பதிலா கழிச்சிருக்கார், அதான் கவுந்துடுத்து என்றாளாம். பென்சிலால் சரியான கோட்டையும் போட்டிருக்கிறாள். நிஜ ஜாதகத்தை உடனே கொடுத்தனுப்பினோம், பொருத்தம் அமைந்துவிட்டது. அப்பா காலையிலிருந்து பாசுரம் முணுமுணுத்துக்கொண்டு திரிகிறார்.

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், அவள் கோடு உன் கோட்டைவிட எவ்வளவு தூரம் ஒட்டிக்கொண்டு போகிறது என்று நீயே பார். உன் சவடால் கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வெந்நீரில் குளி, ராத்திரி தயிர் வேண்டாம். நன்றாக இரு, நூறு வயசு இரு. தப்பு என்று ஒப்புக்கொண்டால் வைகாசியில் கல்யாணம். இல்லை என்று சாதித்தால் அவளே வாதம் பண்ணுகிறாளாம், உன் விலாசத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இந்தக் கவரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒட்டும்
உன் அம்மா
வைதேஹி